கறுப்புக் குடையும் கணக்கு நோட்டும்: வாசகர் கேள்வி பதில்

அக்கம்பக்கத்தார் சேர்ந்து செய்யும் வேலைகளைப் பற்றியும், அவற்றிலிருந்து முளைக்கும் சிறு தொழில்களைப் பற்றியும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றாகச் சேர்த்துவிட்டோம். பாதிக் கடிதங்கள் பணத்தைப் பற்றியவை. அதனால் அதற்கே இடம் அதிகம்.

எங்கள் தெருவில் அறுபது வீடு. பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடப் பலருக்குத் தெரியாது. ‘தெரு நலக் கூட்டம்’ என்று நோட்டீஸ் அடித்துக் கூப்பிட்டேன். ஆறு பேர் வந்தார்கள், அதில் இருவர் சண்டை போட்டுக்கொண்டு போனார்கள். எங்கே தப்பு?
– வாசகி, தாம்பரம்

கூட்டம் என்று கூப்பிட்டதுதான் தப்பு. கூட்டத்துக்கு வருகிறவர்கள் பேசப் பிடித்தவர்களாக இருப்பார்கள், இல்லையென்றால் குறை ஒன்றைக் கையில் வைத்திருப்பவர்களாக இருப்பார்கள். மற்ற வீட்டுக்காரர்களுக்கு அங்கே என்ன வேலை? கைக்கு வேலை கொடுத்துக் கூப்பிடுங்கள். முகம் பார்த்துப் பேசக் கூச்சப்படுகிறவர்கூட, கரண்டியைப் பார்த்துக்கொண்டே நாலு வார்த்தை பேசிவிடுவார்.

வெயில் காலமென்றால் மொட்டை மாடியில் ஜவ்வரிசி வடாம் போடுவது நல்ல தொடக்கம். செலவு குறைவு, கெட்டுப்போனாலும் யாருக்கும் நஷ்டமில்லை, செய்தது எல்லோர் வீட்டுக்கும் போகும். முதல் முறைக்கு 2 கிலோ ஜவ்வரிசி போதும். முந்தின இரவே ஊறவையுங்கள். ஒரு படிக்கு ஐந்து படி தண்ணீர் என்று வைத்தால் 12, 13 லிட்டர் வரும். ஆகவே 20 லிட்டர் பாத்திரம் வேண்டும். வீட்டுக் குக்கரை நம்பி இறங்காதீர்கள். 150 கிராம் பச்சை மிளகாயை 70, 80 கிராம் உப்போடு அரைத்து, பெருங்காயம் சேர்த்து, வேகும் ஜவ்வரிசி முத்து கண்ணாடிபோல் ஆனதும் கூழில் கலக்க வேண்டும். எலுமிச்சை ஐந்தாறு, அடுப்பை அணைத்த பிறகு. கூழாக ருசி பார்க்கும்போது உப்பு கொஞ்சம் குறைவாகவே இருக்கட்டும். காய்ந்தால் ஏறும். விரிக்க 6க்கு 4 அடி பிளாஸ்டிக் ஷீட் மூன்று. காக்கைக்குப் பழைய கறுப்புக் குடை ஒன்றை விரித்து வைத்துவிடுங்கள்.

அழைப்பில்தான் சூட்சுமம். வாட்ஸ்அப்பில் போட்டால் கட்டைவிரல் தூக்குவார்கள், கால் தூக்க மாட்டார்கள். கதவைத் தட்டி, துண்டுச் சீட்டைக் கையில் கொடுங்கள். ஒரு வாரம் முன்பு ஒரு தடவை, முந்தின நாள் ஒரு தடவை. சீட்டில் மூன்றே விஷயம்: எந்த மாடி, காலை 6.30 முதல் 8.30 வரை, ஒரு கரண்டி கொண்டு வாருங்கள். முடியும் நேரத்தைக் கட்டாயம் போடுங்கள். எப்போது விடுவார்களோ என்ற பயத்தில்தான் பாதிப் பேர் வருவதில்லை. கரண்டி கொண்டு வரச் சொல்வது உங்களிடம் கரண்டி இல்லாததற்காக அல்ல. கையில் ஒரு சாமானோடு வருகிறவர் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க மாட்டார்.

அறுபது வீட்டில் பத்துப் பேர் வந்தால் நல்ல கணக்கு. சந்தா, உறுப்பினர் படிவம், தலைவர் தேர்தல் எதுவும் அன்று வேண்டாம். இரண்டு வாரத்துக்குள் அதே இடம், அதே நேரம், வேறு வேலை. மூன்று முறை நடந்த பிறகு வாட்ஸ்அப் குழு தொடங்கலாம். முகம் தெரியாதவர்களை முதலில் குழுவில் போட்டால் குட் மார்னிங் படங்களும் பார்க்கிங் சண்டையும்தான் மிஞ்சும்.

நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து போட்ட வடாம் நன்றாக இருக்கிறதென்று பலர் விலைக்குக் கேட்கிறார்கள். 200 கிராம் பாக்கெட் 80 ரூபாய்க்கு விற்கிறோம். போட்ட காசைவிட இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது. ஆனாலும் யாருக்கும் திருப்தியில்லை, முணுமுணுப்புதான் அதிகம். பணத்தை எப்படிப் பிரிப்பது?
– வாசகி, கும்பகோணம்

இரண்டு மடங்கு வருவதாகத் தெரிவதிலேயே கோளாறு இருக்கிறது. 10 கிலோ ஜவ்வரிசிக்கு ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். விலைகளை உங்கள் ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள். ஜவ்வரிசி கிலோ 70 வீதம் 700 ரூபாய். மிளகாய், உப்பு, பெருங்காயம், எலுமிச்சை 200. கேஸ் 150. நொறுங்கியது போக 9 கிலோ தேறும் என்று வைத்தால் 45 பாக்கெட். பையும் லேபிளும் 8 ரூபாய் வீதம் 360. ஆகமொத்தம் 1,410. விற்றது 45 பெருக்கல் 80, அதாவது 3,600. கையில் 2,190 நிற்கிறது, லாபம் என்கிறீர்கள்.

இப்போது உழைத்த நேரத்தை எழுதுங்கள். கிண்டி ஊற்ற நான்கு பேர், தலைக்கு நாலு மணி நேரம்: 16. அடுத்த இரண்டு நாள் திருப்பிப் போட இருவர், நாளுக்கு ஒரு மணி: 4. பாக்கெட் போட இருவர், இரண்டு மணி: 4. மொத்தம் 24 மணி. மணிக்கு 50 ரூபாய் என்றால் 1,200. செலவு 2,610 ஆகிவிட்டது. பாத்திரத் தேய்மானம், மழையில் வீணாகும் ஈடு (ஒரு தடவை சேர்த்துப் போடும் சரக்கு) இவற்றுக்குப் பத்து சதவீதத்தை ஒட்டி 270 ஒதுக்கினால் 2,880. ஒரு பாக்கெட்டின் அடக்கவிலை 64 ரூபாய். உண்மையான மிச்சம் 720தான்.

இதே பாக்கெட்டை மளிகைக் கடையில் வைத்தால்? கடைக்காரர் இருபது சதவீதம் எடுப்பார். 80இல் 16 போனால் உங்களுக்கு 64, சரியாக அடக்கவிலை. மிச்சம் ஒரு பைசா இல்லை. ‘கடையில் நன்றாக ஓடுகிறது, கையில் காசு நிற்கவில்லை’ என்று எழுதியிருக்கும் மூன்று வாசகிகளுக்கும் இதுவே பதில். கடைக்குப் போகும்முன் விலையை 90க்கு மேல் வைக்க வேண்டும், அல்லது நேரடியாக மட்டும் விற்க வேண்டும்.

பிரிக்கும் முறை இனி எளிது. முதலில் கூலி: ஒரு நோட்டில் வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. மூன்று மணி நேரம் உழைத்தவருக்கும் எட்டு மணி நேரம் உழைத்தவருக்கும் சமமாகக் கொடுப்பதால்தான் முணுமுணுப்பு வருகிறது. கூலி போன பிறகு நிற்கும் 720இல் பாதியைப் பொதுநிதியில் வையுங்கள், மறுபாதியை எட்டுப் பேரும் சமமாகப் பிரியுங்கள். கூலி உழைப்புக்கு, பங்கு உறுப்பினராக இருப்பதற்கு. இந்த இரண்டையும் கலக்காதீர்கள். ‘என் வீட்டு மாடி’, ‘என் வீட்டு அடுப்பு’ என்பவருக்கு வாடகை என்று தனியாக ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுங்கள். அன்பளிப்பாக விட்டால் ஆறாம் மாதம் குத்திக்காட்டலாக வரும்.

லிஜ்ஜத் அப்பளம் 1959இல் மும்பை கிர்காமில் ஏழு பெண்கள், ஒரு மொட்டை மாடி, 80 ரூபாய் கடன் என்றுதான் தொடங்கியது. பிசைந்த மாவை எடை போட்டு வாங்கிப் போய், அப்பளமாக எடை போட்டுக் கொடுத்து, கிலோ கணக்கில் கூலி வாங்குவது அங்கே ஊறிப்போன முறை. யார் எவ்வளவு செய்தார் என்பதைத் தராசே சொல்லிவிடும்போது வாய்ச்சண்டைக்கு இடமில்லை.

சரக்கு பற்றி ஒரு வார்த்தை. வடாம் ஒடித்தால் ‘டக்’கென்று முறிய வேண்டும், வளையக் கூடாது. ஒவ்வொரு ஈடிலும் இரண்டு பொரித்துப் பாருங்கள். நடுவில் கல்போல நின்றால் ஈரம் போகவில்லை. மேகமூட்டமான நாளில் ஊற்றிவிட்டு, மறுநாள் மின்விசிறியில் காயவைத்துச் சமாளித்த சரக்கு ஒரு மாதத்தில் பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்த பாக்கெட் ஒன்று போதும், தெருவே வாங்குவதை நிறுத்த.

எங்கள் குழுவில் கணக்குக் கேட்டால், ‘என்மேல் நம்பிக்கை இல்லையா?’ என்று பொருளாளர் கோபித்துக்கொள்கிறார். நல்ல மனிதர், திருடுகிறவரும் அல்ல. எப்படிக் கேட்பது?
– வாசகர், பட்டுக்கோட்டை

உங்கள் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரத்தில் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும்போது கவனித்திருப்பீர்கள். பத்திரமும் ஜாமீனும் இல்லாமல் லட்சக்கணக்கில் பணம் கைமாறுகிறது. ஆனால் பெயர், ஊர், தொகை எழுதாமல் ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. சொந்த மாமன் வைத்தாலும் நோட்டில் ஏறும். எழுதுகிறவரைப் பார்த்து ‘என்னைச் சந்தேகப்படுகிறாயா?’ என்று எந்த மாமனும் கேட்பதில்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி எழுதினால் அது சந்தேகமாகாது. ஒருவரிடம் மட்டும், ஒரு நாள் மட்டும் கேட்பதுதான் சந்தேகம்.

ஆகவே கேட்கவே வேண்டாதபடி ஆக்குங்கள். எழுதுகிறவர் ஒருவர், பணம் வைத்திருப்பவர் ஒருவர், சரிபார்ப்பவர் ஒருவர். மூவரும் மூன்று வீடு. கணவன் மனைவியோ அண்ணன் தம்பியோ இதில் இரண்டு இடம் வகிக்கக் கூடாது. ஆப்பிரிக்காவின் நைஜரில் 1991இல் கேர் (CARE) என்ற தொண்டு அமைப்பு தொடங்கிய கிராமச் சேமிப்புக் குழுக்களில் பணப்பெட்டிக்கு மூன்று பூட்டு. சாவிகள் மூன்று பேரிடம், பெட்டி நான்காமவர் வீட்டில். கூட்டம் முடியும்போது பெட்டியில் உள்ள தொகையை உரக்கச் சொல்வார்கள். அடுத்த கூட்டம் அதே எண்ணை எல்லோரும் திருப்பிச் சொல்வதில்தான் தொடங்கும். எழுத்துத் தெரியாதவர்களும் தணிக்கை செய்கிறார்கள் பாருங்கள்! இந்தப் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் இப்போது கோளாறு யுபிஐயில்தான். பொருளாளரின் சொந்த க்யூஆர் அட்டையில் விற்பனைப் பணம் வாங்குகிறார்கள். அது அவர் வீட்டுக் கேஸ் பில்லோடும் பிள்ளையின் ரீசார்ஜோடும் கலந்துபோகிறது. மூன்று மாதம் கழித்துப் பிரிக்க அவராலேயே முடியாது. நல்ல மனிதர்களுக்குக் கெட்ட பெயர் வருவது பெரும்பாலும் இப்படித்தான். குழுவின் பெயரில் சேமிப்புக் கணக்கு, மூவரில் இருவர் கையெழுத்து, அந்தக் கணக்குக்கே க்யூஆர் அட்டை. அதுவரை ரொக்கம் மட்டும் வாங்குங்கள்.

எந்தப் பெயரில் பதிவு செய்வது? சங்கமா, சுய உதவிக் குழுவா, பார்ட்னர்ஷிப்பா? உணவுப் பொருளுக்கு லைசென்ஸ் வேண்டுமா?
– பலர்

பணத்தைப் பங்கு போட்டுக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் சங்கமாகப் பதிவு செய்யாதீர்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேர் இருந்தால் பதியலாம் என்பதால் பலரும் அதற்கே ஓடுகிறார்கள். ஆனால் சங்கத்தின் வருமானத்தை உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ள முடியாது. உரம், பூங்கா, நூலகம், கருவிகள் இவற்றுக்குச் சங்கம் பொருந்தும். வடாம் விற்க அல்ல. ஒரே சங்கத்தின் பெயரில் இரண்டையும் நடத்தித்தான் பல தெருக்களில் மனஸ்தாபம் வந்திருக்கிறது.

பெண்கள் பத்து முதல் இருபது பேர் என்றால் சுய உதவிக் குழு நல்லது. ஒழுங்கான கூட்டம், ஒழுங்கான சேமிப்பு, உள்கடன், தவணை தவறாமை, நோட்டுகளை அன்றன்றே எழுதுவது என்ற ஐந்தையும் ஆறு மாதம் காட்டினால் வங்கிக் கடனுக்குத் தகுதி வரும். தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தில் சேர்ந்த குழுவுக்கு 20 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கிளையில் கேட்டால் இதை நினைவூட்டுங்கள். ஆண்களும் பெண்களும் கலந்த நாலைந்து பேர் என்றால் முத்திரைத்தாளில் பார்ட்னர்ஷிப் ஒப்பந்தம். அதில் ‘ஒருவர் விலகினால் அவர் பங்கை எப்படிக் கணக்கிட்டு எத்தனை மாதத்தில் கொடுப்பது’ என்ற பத்தி இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

வீட்டில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு கட்டாயம். சிறு அளவுக்கு முழு லைசென்ஸ் வேண்டாம், பதிவே போதும். லேபிளில் 14 இலக்கப் பதிவு எண், பொருட்களின் பட்டியல், நிகர எடை, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், விலை, முகவரி, பச்சைப் புள்ளி இவை இருக்க வேண்டும். ஈடு எண்ணையும் போடுங்கள். ஏதாவது பாக்கெட்டில் குறை வந்தால் அந்த ஈட்டை மட்டும் திரும்ப எடுக்கலாம். இல்லையென்றால் எல்லாவற்றையும் எடுக்க வேண்டிவரும். பொருள் மட்டும் விற்பவருக்கு, அதுவும் மாநிலத்துக்குள்ளேயே விற்பவருக்கு, ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு பற்றிக் கவலை வேண்டாம்.

குடியிருப்பில் சேர்ந்து உரம் போடத் தொடங்கினோம். மூன்றாம் வாரமே நாற்றம், ஈ, சண்டை. கைவிட்டுவிடலாமா?
– வாசகர், மதுரை

இரண்டு டிரம்மோடு தொடங்கியிருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான். கணக்கு இது: ஒரு வீட்டில் நாளுக்கு அரைக் கிலோ சமையல் கழிவு, பத்து வீட்டுக்கு 5 கிலோ. அதோடு அளவில் இரு மடங்கு காய்ந்த இலை சேர்க்க வேண்டும். அமுங்கியது போகப் பத்துப் பன்னிரண்டு நாளில் ஒரு 200 லிட்டர் டிரம் நிரம்பும். மக்க அறுபது நாள் ஆகும். ஆக, முதல் டிரம் காலியாவதற்குள் ஐந்தாறு டிரம் நிரம்பிவிடும். பத்து வீட்டுக்கு ஆறு டிரம், பக்கவாட்டில் அரை அடிக்கு ஒன்றாக விரல் நுழையும் துளைகள், கீழே செங்கல் வைத்துத் தூக்கல்.

நாற்றம் என்றால் ஈரம் அதிகம், காற்று குறைவு. கையில் பிடித்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டுதான் வர வேண்டும். ஒழுகினால் காய்ந்த இலையைக் கூட்டிக் கிளறுங்கள். வாரம் ஒரு தடவை கிளறல், தொடங்கும்போது கொஞ்சம் புளித்த மோர் அல்லது பழைய உரம். தடித்த சாம்பல்நிறப் புழு நெளிந்தால் அது கறுப்பு வீரன் ஈயின் புழு; கழிவைத் தின்று தீர்க்கும், நல்லதுதான். இலை உதிரும் மாசி, பங்குனியிலேயே பத்துச் சாக்கு சேர்த்து வையுங்கள். ஐப்பசி மழையில் காய்ந்த இலைக்கு எங்கே போவது?

சண்டைக்கு மருந்து முறைப்பட்டியல். வாரத்துக்கு இரண்டு வீடு, பெயர் டிரம்முக்கு மேலேயே எழுதித் தொங்க வேண்டும். தயாரான உரம் யாருக்கு, எத்தனை கிலோ என்பதை முதல் டிரம் திறப்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். திறந்த பிறகு பேசினால் மாடித்தோட்டக்காரர்கள் இருவர் மொத்தத்தையும் கேட்பார்கள்.

சமையல் சார்ந்த வேலை என்றால் சிலர் ஒதுங்குகிறார்கள். ‘அவர்கள் கை பட்டதை நாங்கள் சாப்பிட மாட்டோம்’ என்று ஜாடையாகச் சொல்லவும் செய்தார்கள். வாடகைக்கு இருப்பவர்களையும் சேர்க்க மறுக்கிறார்கள்.
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

ஜாடையாகச் சொன்னதைச் சாதி என்று நேராகவே சொல்வோம். தனிப் பாத்திரம், தனி ஈடு, ‘அவர்கள் பாக்கெட் போடட்டும், நாங்கள் கிண்டுகிறோம்’ போன்ற சமரசங்களுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். முதல் நாள் விட்டுக்கொடுத்தது பிறகு விதியாக நின்றுவிடும். ஒதுங்குகிறவர்கள் ஒதுங்கட்டும், வருகிறவர்களோடு நடத்துங்கள். பத்துப் பேர் வேண்டும் என்பதற்காக இரண்டு பேரை வாசலில் நிறுத்திவைக்கும் வேலை உங்களுக்கு வேண்டாம்.

ஆனால் இடத்தையும் வேலையையும் யோசித்துத் தேர்ந்தெடுக்கலாம். யார் வீட்டிலும் வைக்காமல் சமுதாயக்கூடம், பள்ளித் திடல், நூலக முற்றம் என்று பொது இடத்தில் வையுங்கள். ஒருவர் வீட்டு வாசலைத் தாண்டத் தயங்குகிறவர் பொது இடத்துக்குத் தயங்காமல் வருவார். சாப்பாட்டில் தொடங்காமல் சைக்கிள் பழுது, துணிப்பை தைப்பது, விதை மாற்றிக்கொள்வது என்று தொடங்கினால் ஒதுங்கிப் போகச் சாக்கும் குறைவு. எல்லோரும் இதில் மாறிவிடுவார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், சிலர் மாறுவார்கள்.

வாடகைக்காரர் விஷயம் சின்னது. பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருப்பவரிடம் வைப்புத்தொகை கேட்காதீர்கள், உழைத்த நேரத்துக்கு மட்டும் கூலி கொடுங்கள். போகும்போது கணக்குத் தீர்ப்பது சுலபம். வீடு மாறிப் போன பிறகு புதுத் தெருவில் உங்கள் சரக்கை விற்றுத்தருகிறவரும் அவர்தான்.

ஒரே தெருவில் நான்கு தையல் கடைகள். ஒருவருக்கொருவர் போட்டி. சேர்ந்து தொழில் செய்ய வழியுண்டா?
– வாசகர், விருதுநகர்

கடைகளைச் சேர்க்க வேண்டாம், பெரிய ஆர்டரை மட்டும் சேர்ந்து பிடியுங்கள். சேலம் வட்டார ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் ஒருவருக்கொருவர் போட்டிதான். ஆனாலும் 1981இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவை அமைத்து, தரம் பார்ப்பதையும் விற்பதையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆலை அவரவருடையது, சந்தை மட்டும் பொது.

உங்களுக்குப் பள்ளிச் சீருடை 200 செட் ஒரு நல்ல தொடக்கம். வெட்டுவது ஒரே மேசையில், ஒரே ஆள். நாலு பேர் நாலு விதமாக வெட்டினால் அளவு 32 என்பது நாலு அளவாகிவிடும். பருத்தி கலந்த துணியென்றால் வெட்டும்முன் ஒரு மீட்டரை நனைத்துக் காயவைத்துச் சுருக்கம் பாருங்கள். பள்ளி ஒப்புக்கொண்ட மாதிரிச் சட்டையைக் கையெழுத்திட்ட உறையில் வைத்துவிடுங்கள். தகராறு வந்தால் அதை எடுத்து ஒப்பிடலாம். கூலி பீஸுக்கு இவ்வளவு. ஒவ்வொரு கடைக்கும் உள்மடிப்பில் ஒரு நிற நூல் அடையாளம். பொத்தான் தெறித்து வந்த சட்டை எந்தக் கடைக்குத் திரும்பப் போக வேண்டும் என்பதில் வாதமே வராது. முன்பணத்தில் துணியும் நூலும் மட்டும் வாங்குங்கள். கூலி, பள்ளி பணம் கொடுத்த அன்று.

லண்டனில் ஒரு பேட்டை முழுவதையும் இப்படி இணைத்தார்கள் என்று படித்தேன். அது நமக்குப் பொருந்துமா?
– வாசகி, கோவை

நீங்கள் படித்தது கிழக்கு லண்டனின் பார்க்கிங்–டாகன்ஹாம் பகுதியில் 2017இல் பார்ட்டிசிபேட்டரி சிட்டி அமைப்பு தொடங்கிய திட்டமாக இருக்க வேண்டும். அதற்கு முன்னோட்டம் தெற்கு லண்டனின் வெஸ்ட் நார்வுடில் 2014இல் நடந்தது. கடைத்தெருவில் எல்லோரும் நுழையக்கூடிய கடைகளைத் திறந்து, அங்கிருந்தே சேர்ந்து சமைப்பது, தைப்பது, செடி வளர்ப்பது என்று சின்னச் சின்ன வேலைகளை நடத்தினார்கள். ஒரு பொருளைப் பலர் சேர்ந்து செய்து, சிறு ஈடுகளாக விற்றுப் பார்த்து, அதிலிருந்து கூட்டுத் தொழிலுக்குப் போவது அடுத்த படி. வருகிறவர் எதையும் ஏற்று நடத்த வேண்டியதில்லை, வந்து இரண்டு மணி நேரம் செய்துவிட்டுப் போனால் போதும் என்ற ஏற்பாடு நாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியது.

ஆனால் பின்னால் சம்பளம் வாங்கும் குழுவும், நகராட்சியும், அறக்கட்டளைப் பணமும் இருந்தன. அது இல்லாமல் வெளித்தோற்றத்தை மட்டும் நகலெடுத்தால் நடத்துகிறவர் ஓராண்டில் களைத்துவிடுவார். நமக்கு நெருக்கமான மாதிரி கேரளத்தின் குடும்பஸ்ரீ. 1998இல் தொடங்கியது, அடிப்படை அலகு பத்து முதல் இருபது வீட்டுப் பெண்களின் அயல்கூட்டம். வாரக் கூட்டமும் சிறுசேமிப்பும் முதலில், உணவகமும் தொழிற்கூடமும் பிறகு. அங்கேயும் ஒரு எச்சரிக்கை உண்டு. 2020இல் வந்த ஜனகீய ஹோட்டல்களில் 20 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு அரசு 10 ரூபாய் மானியம் கொடுத்தது. 2023இல் மானியம் நின்றதும் விலை 30 ஆயிற்று, பாரம் நடத்தும் பெண்கள் தலையில். மானியத்தை அடுப்பும் அரவை இயந்திரமும் வாங்கச் செலவிடுங்கள், விற்பனை விலையில் சேர்க்காதீர்கள்.

கவுன்சிலரைச் சேர்த்துக்கொள்வதா, வேண்டாமா?
– வாசகர், திருச்சி

தகவல் சொல்லுங்கள், மேடை போடாதீர்கள். குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, இட அனுமதி இவற்றுக்கு ஏரியா சபையில், அதாவது வார்டுக்குள் உங்கள் பகுதி மக்கள் கூடும் கூட்டத்தில், எழுத்து மூலம் கேளுங்கள். 2022 நவம்பர் முதல் நகர்ப்புறங்களில் அது நடக்கிறது. நமக்கு நாமே திட்டத்தில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கைத் தெருக்காரர்கள் போட வேண்டும். அந்தப் பங்கைத் திரட்டுவதற்கு உங்கள் கணக்கு நோட்டு பழக்கத்தில் இருந்தால்தான் முடியும். வடாம் பாக்கெட்டில் யார் படமும் வேண்டாம்.

டிரில்லிங் மெஷின், ஏணி போன்றவற்றைத் தெருவுக்குப் பொதுவாக வாங்கி வைக்கலாமா?
– வாசகர், நாகர்கோவில்

தாராளமாக. ஏணி, டிரில்லர், கிரைண்டர், நீளமான எக்ஸ்டென்ஷன் வயர், பெரிய அண்டா, நாற்காலி இருபது, இவைதான் அதிகம் ஓடும். திருமணத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் வாங்கப் போகாதீர்கள். வாடகை வேண்டாம், வைப்புத்தொகை 500; மூன்று நாளைக்கு மேல் வைத்திருந்தால் நாளுக்கு 20. எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் போட்டோ. டிரில்லர் பழுதாவதில்லை, அதன் பிட்டுகள்தான் காணாமல் போகும். ஆகவே பிட் அவரவர் சொந்தமாக வாங்கிக்கொள்ளட்டும், பொதுப் பெட்டியில் மெஷினும் பிட் மாட்டும் சாவியும் மட்டும் இருக்கட்டும்.